பம்பியின் பிடியைக் கழற்றச் சொன்ன வைத்தியர்

எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில் வருசத்துக்கு இரண்டு தரமாவது ஒரு செய்தி தவறாமல் வரும். காருக்குள் கிடந்து சூடான பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் குடிக்காதீர்கள், பிரீசரில் வைத்தால் டயொக்சின் வெளிவரும், புற்றுநோய் நிச்சயம் என்று. கனடாவில் இருக்கிற பெரியம்மா அனுப்புவா. அதற்குக் கீழே பத்துப் பேர் கும்பிடு போடுவினம். என்ர மகள் மட்டும் இதெல்லாம் பொய் என்று ஒரு வரி எழுதிப்போட்டுப் போய்விடுவாள். பெரியம்மாவுக்குக் கோபம் வரும். இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவோம். போத்தலும் அப்படியே, பயமும் அப்படியே.

யார் சரி, பெரியம்மாவா, மகளா? அதைச் சொல்ல முதல் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். லண்டனில் இருக்கிற கனபேர் அவருடைய பெயரைக் கடந்து போயிருப்பீர்கள். சோஹோவில் புரோட்விக் வீதியில் அவர் பெயரில் ஒரு மதுச்சாலை இருக்கிறது. பக்கத்தில் பிடி இல்லாத ஒரு பழைய மாதிரிக் கைப்பம்பி நிற்கிறது. இளம் வயதில் மதுவிலக்குக்காகப் பிரசாரம் செய்த மனிதரின் பெயரை மதுச்சாலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. அவர்தான் வைத்தியர் ஜோன் ஸ்னோ.

ஸ்னோ 1813 மார்ச் 15இல் இங்கிலாந்தின் வடக்கே யோர்க் நகரத்தில் பிறந்தார். தகப்பன் கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். வீடு இருந்தது ஊஸ் ஆற்றங்கரையோரம், வறிய சனம் வாழ்ந்த பகுதியில். படிக்கக்கூடிய பிள்ளை என்று கண்டு, 14 வயதில் நியூகாசில் நகரத்தில் ஒரு அறுவை வைத்தியரிடம் தொழில் பழக அனுப்பினார்கள்.

அங்கேதான் அவர் முதன்முதலாகக் கொலராவைக் கண்டார். ஊரில் எங்கட பாட்டிமார் வாந்திபேதி என்று சொன்ன அதே நோய்தான். 1817இல் வங்காளத்தில் பெரிதாகக் கிளம்பி, நாடு நாடாக நகர்ந்து, 1831 கடைசியில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. காலையில் நல்லாயிருந்தவர் இரவுக்குள் உடம்பில் நீர் வற்றிச் செத்துப்போவார். 18 வயதுப் பொடியனான ஸ்னோவை, கில்லிங்வேர்த் நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளர்களைப் பார்க்க அனுப்பினார்கள். கொடுக்க மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பார்த்ததை மறக்கவில்லை. சுரங்கத்துக்குள் மலசலகூடம் கிடையாது. நாள் முழுக்க உள்ளே நிற்கிறவர்கள், சாப்பாட்டையும் கொண்டுபோய், கழுவாத கையால் அங்கேயே சாப்பிட்டார்கள். இருபது வருசத்துக்குப் பிறகு எழுதிய புத்தகத்தில் இந்தச் சுரங்கத் தொழிலாளரின் நிலையை அவர் ஒரு சாட்சியாக வைத்தார்.

1836இல் லண்டனுக்கு வந்தார், பெரும்பகுதி தூரம் நடந்தே. படித்து, சோஹோவில் பிரித் வீதியில் சின்னதாக ஒரு வைத்தியசாலை அறை போட்டார். குரல் கரகரத்தது, பேச்சு சுருக்கம், கலியாணம் கட்டவில்லை. மாமிசம் சாப்பிடாதவர். தண்ணீரில் பொல்லாத கவனம், காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் விரும்பினார். நோயாளிகளைக் கவருகிற மாதிரிப் பழகத் தெரியாததால் ஆரம்பத்தில் வருமானமும் குறைவு.

அந்தக் காலத்து வைத்திய உலகம் நோயைப் பற்றி என்ன நினைத்தது என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கெட்ட காற்றுத்தான் காரணம் என்பது பெரும்பாலோரின் முடிவு. குப்பை, சாக்கடை, அழுகல் ஆகியவற்றில் இருந்து கிளம்புகிற நாற்றமே நோயைக் கொண்டுவருகிறது என்று அரசாங்கமும் நம்பியது, சனமும் நம்பியது. இது முட்டாள்களின் நம்பிக்கை இல்லை. நாறுகிற இடங்களில்தான் ஏழைகள் வாழ்ந்தார்கள், அங்கேதான் அதிகம் பேர் செத்தார்கள். பார்த்தால் பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது.

அந்தப் பயம் ஒரு காரியம் செய்தது. சுகாதாரச் சீர்திருத்தத்தின் தலைவராக இருந்த எட்வின் சட்விக்கின் காலத்தில், வீடுகளுக்குக் கீழே நாறிக்கொண்டிருந்த மலக்குழிகளைச் சாக்கடை வழியாகத் தேம்ஸ் நதிக்குள் கழுவிவிட்டார்கள். வீடுகளில் நாற்றம் குறைந்தது. ஆனால் தண்ணீர்க் கம்பனிகள் குடிதண்ணீர் எடுத்ததும் அதே தேம்ஸில் இருந்துதான். 1848, 1849 ஆண்டுகளில் வந்த கொலராவில் லண்டனில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர் செத்தார்கள். நல்ல எண்ணத்தோடு, பிழையான பயத்தை நம்பிச் செய்த வேலை. அதற்கு விலை கொடுத்தது சனம்.

ஸ்னோ மட்டும் ஏன் வேறு மாதிரி யோசித்தார்? அவர் காற்றை அறிந்தவர் என்பதால். சத்திரசிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கிற ஈதர் 1846 முடிவில் இங்கிலாந்துக்கு வந்தது. அடுத்த வருசமே அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவி, காற்றில் எத்தனை சதவீதம், எந்த அளவில் ஆள் மயங்குவார், எந்த அளவில் சாவார் என்று ஒவ்வொன்றாக அளந்தார்.

பிறகு குளோரோபோம் வந்தது. 1848 ஜனவரியில், நியூகாசிலுக்குப் பக்கத்தில், கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுத்த 15 வயதுச் சிறுமி சில நிமிடத்தில் செத்துப்போனாள். இது கொலைகார மருந்து என்றார்கள் சிலர். மருந்தில் பிழையே இல்லை என்றார்கள் வேறு சிலர். ஸ்னோ இரண்டு பக்கமும் சேரவில்லை. எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு வேகமாகக் கொடுத்தார்கள் என்று கேட்டார். துணியில் ஊற்றி மூக்கில் பிடித்தால் ஆவியின் செறிவைக் கட்டுப்படுத்த முடியாது என்று விளக்கி, அளவாகக் கொடுக்கிற கருவி ஒன்றைச் செய்தார். 1853 ஏப்ரல் 7இல் விக்டோரியா மகாராணி இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது, பக்கத்தில் நின்று குளோரோபோம் கொடுத்தவர் இந்தக் கூலித் தொழிலாளியின் மகன்தான்.

காற்றை இப்படி அளந்தவருக்குக் கொலராவைப் பற்றிய கதை பொருந்தவில்லை. ஆவி என்றால் தூரம் போகப்போக ஐதாகும். பக்கத்தில் நிற்கிற எல்லாரையும் ஒரே மாதிரித் தாக்க வேண்டும். கொலராவோ ஒரு வீட்டைத் தாக்கி அடுத்த வீட்டை விட்டுவிடுகிறது. தவிர, நோய் தொடங்குவது நெஞ்சில் இல்லை, வயிற்றில். அப்படியென்றால் அது மூச்சால் வரவில்லை, வாயால் விழுங்கப்படுகிறது. ஒருவரின் மலத்தில் இருந்து இன்னொருவரின் வாய்க்குத் தண்ணீர் வழியாகப் போகிறது. இதை 1849இல் ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்தார். பெரிதாக ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

1854 ஓகஸ்ட் கடைசியில் அவருடைய வீட்டுக்குச் சில தெருக்கள் தள்ளி, புரோட் வீதியில் நோய் வெடித்தது. பத்து நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். முடிவில் கணக்கு 616. ஓடக்கூடியவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். ஸ்னோ அந்தத் தெருக்களுக்குள் போனார்.

முதல் வாரக் கடைசியில் பதிவான 83 மரணங்களின் விபரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டினார். கேட்டது ஒரே கேள்வி, தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? 73 பேர் புரோட் வீதிப் பம்பிக்குக் கிட்ட வாழ்ந்தவர்கள். அவர்களில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்பது தெரிந்தது. மிச்சம் 10 பேர் வேறு பம்பிக்குக் கிட்ட வாழ்ந்தவர்கள். ஒரு சாதாரண ஆள் இந்தப் பத்தை விட்டுவிட்டுப் போயிருப்பார். ஸ்னோ அங்கேயும் போனார். ஐந்து குடும்பங்கள் புரோட் வீதித் தண்ணீர்தான் நல்லது என்று ஆள் அனுப்பி எடுத்தவர்கள். மூன்று பேர் அந்தப் பம்பிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள்.

சாகாதவர்களையும் எண்ணினார். பக்கத்தில் ஏழைகள் விடுதி ஒன்றில் 535 பேர் இருந்தார்கள். கொலராவால் செத்தது ஐந்து பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. புரோட் வீதியிலேயே இருந்த பியர் வடிசாலையில் வேலை செய்த எழுபதுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு வேலைத்தலத்திலேயே குடிக்க பியர் கிடைத்தது, பம்பிப் பக்கம் போகத் தேவையில்லை. அதே வீதியில் துப்பாக்கி வெடிமூடி செய்கிற தொழிற்சாலையில் பம்பித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைத்திருந்தார்கள். அங்கே ஏறத்தாழ 200 பேரில் 18 பேர் செத்தார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி ஒரு போத்தல் தண்ணீர். பல மைல் தள்ளி ஹம்ஸ்டெட் பக்கத்தில் ஒரு விதவை அம்மா கொலராவில் செத்தா. அந்தப் பகுதியில் அப்போது நோயே இல்லை. விசாரித்தால், அவ முன்னர் புரோட் வீதியில் வாழ்ந்தவ. அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், நாளாந்தம் வண்டியில் ஒரு பெரிய போத்தலில் அதை எடுப்பித்துக் குடித்தவ. பார்க்க வந்த மருமகளும் அதைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனில் உள்ள தன் வீட்டுக்குப் போய்ச் செத்தா. தெருக் காற்று அவ்வளவு தூரம் போகவில்லை. போத்தல் போனது. தெளிவாகவும் ருசியாகவும் இருந்ததால்தான் அந்தத் தண்ணீரைத் தூரத்தில் இருந்தும் சனம் தேடியது. கண்ணும் மூக்கும் நாக்கும் அன்றைக்கு ஏமாற்றின.

செப்டெம்பர் 7 இரவு ஸ்னோ உள்ளூர் நிர்வாகசபைக்கு முன் போய் நின்று கணக்கைச் சொன்னார். அவர்கள் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் அடுத்த நாள் பம்பியின் பிடியைக் கழற்றினார்கள். வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். உண்மையில் புள்ளி போட்ட அந்தப் புகழ்பெற்ற வரைபடம் பிறகு வந்தது. முதலில் வந்தது கதவு தட்டல்தான்.

இன்னொரு விசயத்தையும் மறைக்கக்கூடாது. பிடியைக் கழற்ற முதலே நோய் இறங்கத் தொடங்கிவிட்டது, சனம் ஓடியதுதான் காரணமாக இருக்கலாம் என்பதை ஸ்னோவே ஒத்துக்கொண்டார். தன்னுடைய வெற்றியைத் தானே குறைத்துச் சொன்ன மனிதர் அவர். பிறகு, அவரை நம்பாமல் பிழை காட்டப் புறப்பட்ட ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார், மாதக்கணக்காக விசாரித்து ஆரம்பத்தையே கண்டுபிடித்தார். பம்பிக்கு நேரே இருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். தாய் அணையாடையைக் கழுவிய தண்ணீரை முன்பக்க மலக்குழியில் ஊற்றினா. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் மூன்று அடிகூட இல்லை, குழியின் செங்கல் சிதைந்திருந்தது. பிடி கழற்றிய அன்றைக்கே அந்தக் குழந்தையின் தகப்பனும் நோயில் விழுந்தார். பிடி இருந்திருந்தால் திரும்பவும் தொடங்கியிருக்கும்.

அதே வருசம் தென் லண்டனில் இன்னும் பெரிய கணக்கொன்று எடுத்தார். ஒரே தெருவில் இரண்டு கம்பனிகளின் குழாய்கள் ஓடின. லம்பெத் கம்பனி 1852இல் தேம்ஸின் மேற்பகுதிக்கு, நகரத்துக் கழிவு சேர முதலான இடத்துக்கு மாறிவிட்டது. சதர்க் வொக்ஸ்ஹோல் கம்பனி மாறவில்லை. பணக்காரர், ஏழை, நல்ல காற்று, கெட்ட காற்று எல்லாம் கலந்தே இருந்தன. தண்ணீர் மட்டும்தான் வேறு. ஏழு வாரத்தில் சதர்க் வொக்ஸ்ஹோல் கம்பனியின் தண்ணீர் எடுத்த 10,000 வீடுகளுக்கு 315 மரணம், லம்பெத் கம்பனிக்கு 37.

இவ்வளவுக்குப் பிறகும் அரசாங்கத்தின் சுகாதாரச் சபை ஏற்கவில்லை. காற்றுத்தான் என்று நின்றது.

ஸ்னோ எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்றும் சொல்ல வரவில்லை. 1855இல் பாராளுமன்றக் குழுவுக்கு முன் தோன்றி, எலும்பு காய்ச்சுகிற, கொழுப்பு உருக்குகிற தொழிற்சாலைகளின் நாற்றம் தொற்றுநோயைக் கொண்டுவராது என்று சாட்சி சொன்னார். கொலராவைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்தக் காற்றால் கெடுதலே இல்லை என்கிற அளவுக்குப் பேச்சு போனது. புகையும் ஆவியும் மனிதரை வேறு வழிகளில் கெடுக்கும் என்பது இன்று எங்களுக்குத் தெரியும். தண்ணீருக்கு வீடு வீடாகப் போனவர், காற்றுக்கு அப்படிப் போகவில்லை. லான்செட் வைத்திய இதழ் அவரைக் கடுமையாகத் தாக்கியது.

1858 ஜூன் 10இல், குளோரோபோம் பற்றிய தன் புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. 16ஆம் திகதி போய்ச் சேர்ந்தார். வயது 45. லான்செட் சில வரியில் இரங்கல் எழுதியது. அதில் கொலரா என்ற சொல்லே இல்லை. அந்தக் குறையை அது திருத்தியது 2013இல்.

அவர் செத்த அதே கோடையில் தேம்ஸ் தாங்கேலாமல் நாறியது. பாராளுமன்றத்துத் திரைச்சீலைகளில் மருந்து தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் இருக்க முடியவில்லை. அவசரமாகச் சட்டம் போட்டு, பொறியியலாளர் பசல்ஜெட்டைக் கொண்டு பெரிய சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கட்டியது நாற்றத்துக்குப் பயந்து. காப்பாற்றியது குடிதண்ணீரில் இருந்து மலத்தைப் பிரித்ததால். 1866இல் கடைசியாக லண்டனில் கொலரா பெரிதாக வந்தபோது, அந்தச் சாக்கடை வேலை முடியாத கிழக்கு லண்டனைத்தான் தாக்கியது. 1884இல் ரொபேர்ட் கொக் கொலராக் கிருமியை உலகத்துக்குக் காட்டினார். ஸ்னோ அந்தக் கிருமி எது என்று அறியாமலே போனவர்.

இப்போது பெரியம்மாவின் போத்தலுக்கு வருவோம்.

டயொக்சின் கதை பொய். குளோரின் உள்ள பொருட்கள் எரிகிறபோது உண்டாகிற நஞ்சு அது. பிரீசரில் உண்டாகாது. கடையில் வாங்குகிற சாதாரணத் தண்ணீர்ப் போத்தல், அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் வகை, அதில் பிபிஏ என்ற பொருளும் கிடையாது. இதில் மகள் சரி.

ஆனால் பிபிஏ பற்றிய பயம் பொய் இல்லை. கடினமான, கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக்கிலும், தகரப் பேணியின் உட்பூச்சிலும் அது இருந்தது. குழந்தைகளின் பால் போத்தலில் அதைக் கனடா 2010இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் தடை செய்தன. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகலாம் என்று முதல் சொன்ன அளவை 20,000 மடங்கு குறைத்தது. அதன் பிறகு உணவோடு படும் பொருட்களில் அதைத் தடை செய்யும் சட்டமும் வந்தது. சாதாரணப் போத்தல் செய்யப் பயன்படும் அன்ரிமனி என்ற உலோகம், கடும் வெப்பத்தில் கனநாள் கிடந்தால் தண்ணீருக்குள் கூடுதலாகக் கசியும். 2024இல் அமெரிக்க ஆய்வொன்று, ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரில் ஏறத்தாழ 240,000 நுண்ணிய பிளாஸ்ரிக் துகள்களை எண்ணியது. அவை உடம்பில் என்ன செய்யும் என்ற கணக்கை இன்னும் ஒருவரும் முடிக்கவில்லை. இதில் பெரியம்மாவின் பயத்தை வெறும் பொய் என்று ஒரு வரியில் தள்ள முடியாது.

ஊரில் இதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினையில், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு பக்கம், தொட்டாலே ஆபத்து என்று மறுபக்கம், நடுவில் வாளியோடு சனம். 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த வருசங்களில் சனத்துக்குத் தேவைப்பட்டது ஆறுதலும் இல்லை, அலறலும் இல்லை. கிணறு கிணறாகப் போய்ப் பார்த்து, இதைக் குடிக்கலாம், இதைக் குடிக்கக்கூடாது என்று சொல்லக்கூடிய ஒரு ஆள்.

அதனால் அடுத்த முறை செய்தி வரும்போது நான் கும்பிடும் போடப்போவதில்லை, பொய் என்றும் எழுதப்போவதில்லை. பெரியம்மாவிடம் மூன்று கேள்வி கேட்கப்போகிறேன். எந்தப் போத்தல்? எவ்வளவு உள்ளே போகிறது? குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் யாராவது எண்ணிப் பார்த்தார்களா? மகளுக்கும் இதே மூன்று கேள்விதான். பொய் என்று சொல்லவும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

எண்ணி முடியும்வரை செய்யக்கூடியது சின்ன வேலைதான். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் குழாய்த் தண்ணீரை நாளாந்தம் பரிசோதிக்கிறார்கள். வேறு அறிவித்தல் இல்லாவிட்டால் அதையே குடிக்கலாம், போத்தலைப் பெட்டி பெட்டியாகத் தூக்கத் தேவையில்லை. காரில் வெயிலில் கிடந்த போத்தலை ஒரு தரம் குடித்ததற்காக நித்திரை கெடவும் தேவையில்லை. ஆனால் கொதிக்கக் கொதிக்கச் சொதியைப் பழைய ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஊற்றி மகளுக்குக் கட்டிக்கொடுக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதற்கு ஒரு கண்ணாடிச் சாடி போதும்.